நடுவில் நின்றவர்கள்

பழைய ரங்கூனான யாங்கோன் நகரின் மையத்தில், ஆற்றங்கரையை ஒட்டி, லத்தா என்றொரு வட்டாரம் இருக்கிறது. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்கு நிலவு ஒளிரும் இடம் என்று பொருள் கொள்ளலாம். பெயர் வந்த வழியில் நிலவு எதுவும் இல்லை. 1852-இன் ஆங்கிலேய-பர்மியப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் கேப்டன் தாமஸ் லேட்டர். பர்மிய மொழிக்கு இலக்கணம் எழுதியவர். போர் முடிந்த மறு ஆண்டு புரோம் நகரில் கொலையுண்டார். வெற்றி பெற்றவர்கள் சதுரம் சதுரமாகப் புது ரங்கூனை வரைந்தபோது ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். லேட்டர் தெரு பர்மியர் நாவில் புரண்டு லத்தா ஆனது.

பக்கத்துத் தெருக்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. டல்ஹௌசி தெருவுக்கு, ஆங்கிலேயரோடு பொருதி 1825-இல் மடிந்த தளபதி மகாபந்துலாவின் பெயர் வந்தது. பிரேசர் தெரு அனவ்ரதா சாலை ஆயிற்று. ஆப்பிரிக்காவிலும் இதே கணக்குத்தான்: சாலிஸ்பரி ஹராரே ஆனது, லியோபோல்ட்வில் கின்ஷாசா ஆனது. பெயர்ப் பலகையை மாற்ற ஓர் அரசாணை போதும். அந்தப் பலகைகளுக்குக் கீழே கடை வைத்திருந்த மனிதர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் ரங்கூனும் கம்பாலாவும் சான்சிபாரும் இரு கண்டங்களில் இருந்துகொண்டு ஒரே மாதிரியான விடையை எழுதின.

அந்தக் கடைக்காரர்களில் தமிழர்களும் உண்டு. அதனால் இந்தக் கதை நம் வீட்டில் ஒரு விதமாகத்தான் சொல்லப்படுகிறது. பர்மாவில் செல்வாக்காக வாழ்ந்தோம், ஒரே இரவில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்கள் என்று. பர்மிய தேசியவாதி சொல்லும் கதையோ வேறு: வெள்ளைக்காரனின் நிழலில் வந்த ‘கலா’க்கள், அதாவது இந்தியர்கள், எங்கள் வயலை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று. இரண்டும் பொய்யல்ல. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத முடியுமா என்று பார்ப்பதே இங்கே நோக்கம். அதற்கு ஆப்பிரிக்கா உதவும்.

முதலில் ஆண்டுகள். ஆப்பிரிக்காவை யார் எந்த விதியின்படி பங்கிட்டுக்கொள்வது என்று ஐரோப்பிய வல்லரசுகள் பேசிய பெர்லின் மாநாடு 1884 நவம்பரில் தொடங்கி 1885 பிப்ரவரியில் முடிந்தது. அதே 1885-இன் நவம்பரில் ஆங்கிலேயப் படை ஐராவதியில் கப்பலேறிப் போய் மண்டலேயைப் பிடித்து, திபா மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தியது. 1886 புத்தாண்டு நாளில் மேல் பர்மா பேரரசோடு சேர்க்கப்பட்டது. பத்தாண்டு கழித்து மேற்கு ஆப்பிரிக்காவில் அசாந்தே அரசர் பிரெம்பே பிடிபட்டார். பின்னர் செஷல்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். அரசனைக் கொல்லாதே, கடல் தாண்டிக் கொண்டுபோய் வை. டெல்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜாபரை ரங்கூனில் கொண்டுவந்து வைத்ததும் இதே முறைதான். ரங்கூனுக்கு ஒருவர் வந்தார், பர்மாவிலிருந்து ஒருவர் போனார்.

நாட்டைப் பிடிப்பது ஒரு வேலை, அதை நடத்துவது வேறு வேலை. கோடிக்கணக்கான மக்களைச் சில ஆயிரம் ஐரோப்பியர் எப்படி ஆண்டார்கள் என்பது பலரும் கேட்கும் கேள்வி. துப்பாக்கி ஒரு பகுதி விடைதான். மீதி விடை, பிரிட்டனைப் பொறுத்தவரை, இந்தியா என்ற கருவிப்பெட்டி. பர்மா 1937 ஏப்ரல் வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அதன் நாணயம் ரூபாய். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் 1920 வரை ரூபாய்தான் ஓடியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் அங்கே போயிற்று. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபியர், கொண்டுசெல்லப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். பாதை போன வழியெல்லாம் பின்னாலேயே குஜராத்தி வணிகர்கள் சிறு சிறு கடைகளோடு போனார்கள். நம்மவர்கள் அதற்கு முன்பே 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் இறங்கியிருந்தார்கள்; அது கூலியாகப் போன கதை. பர்மாவில் தமிழர்கள் கூலியாகவும் போனார்கள், முதலாளியாகவும் போனார்கள். அதனால்தான் பர்மா சிக்கலானது.

அந்த முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1852-க்குப் பிறகு ஆங்கிலேயருக்குக் கிடைத்த கீழ் பர்மா பெரும்பாலும் சதுப்பும் காடுமான டெல்டா. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தை அருகே வந்தது, அரிசிக்கு விலை கிடைத்தது. மேல் பர்மாவிலிருந்து குடியானவர்கள் இறங்கி வந்து காட்டை வெட்டி நிலமாக்கினார்கள். சில லட்சம் ஏக்கராக இருந்த நெல் வயல், 1930-களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. காட்டை வெட்டிய நாளிலிருந்து முதல் அறுவடை வரை சாப்பிட வேண்டும், மாடு வாங்க வேண்டும், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் வைக்க வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் இந்தக் குடியானவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. அவன் மொழி தெரியாது, அவன் நிலத்தின் மதிப்பும் தெரியாது. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் நகரத்தார்கள் என்னும் செட்டியார்கள்.

லத்தாவிலிருந்து சிறிது தூரம் கிழக்கே நடந்தால் அன்றைய மொகல் தெரு. அங்கேதான் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடி, ஒரு கணக்கப்பிள்ளை, மூன்று வருஷக் கணக்கில் ஊரிலிருந்து வந்த ஒரு மேலாள். ‘கொண்டு விற்கப் போனார்’ என்பது ஊரில் சொல்லும் வழக்கு. மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30-இல் கணக்கெடுத்தபோது பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 கடைகள், அவற்றின் கையில் சுமார் 75 கோடி ரூபாய். முதலாளியின் சொந்தப் பணம், உறவினர் போட்ட வைப்பு, பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம், ஆங்கிலேய வங்கியில் வாங்கிய கடன் எல்லாம் அதில் கலந்திருந்தது. ஊரிலிருந்த பர்மிய வட்டிக்காரரைவிடச் செட்டியார் வட்டி பெரும்பாலும் குறைவு. சொன்ன தேதியில் பணம் கிடைக்கும், கணக்கு சரியாக இருக்கும். இவ்வளவும் உண்மை. செட்டிநாட்டு வளவுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் இந்தக் கணக்கின் வரவுப் பக்கம்.

பற்றுப் பக்கம் 1930-இல் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் விழவில்லை. ஆங்கிலேயச் சட்டம் நிலத்தை அடமானம் வைக்கவும், கடன் கட்டாவிட்டால் கைமாற்றவும் கூடிய சரக்காக ஆக்கியிருந்தது. கோர்ட்டும் பதிவு அலுவலகமும் அதற்குத் தயாராக இருந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6. எட்டே ஆண்டில் அது 25 ஆயிற்று. செட்டியார்கள் விரும்பி விவசாயிகள் ஆனவர்கள் அல்ல. வட்டி வரவேண்டிய இடத்தில் வயல் வந்து சேர்ந்தது, அதை வாங்கவும் ஆள் இல்லை. ஆனால் காட்டை வெட்டி மலேரியாவில் பிள்ளையைப் பறிகொடுத்த குடியானவனுக்கு இந்த நுணுக்கம் எதற்கு? அவன் கண்ணில் பட்டது தன் வயலின் பட்டாவில் எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பெயர்.

அவன் கண்ணில் படாதவை எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரிசியை அரைத்து ஏற்றுமதி செய்த ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற பெரிய ஆங்கிலேய நிறுவனங்கள் தங்களுக்குள் கூடிப் பேசி நெல் விலையை அடக்கி வைத்தன. அந்தப் பேச்சு நடந்த அறைக்குள் அவன் போனதில்லை. வரி, கப்பல் கட்டணம், லண்டன் வட்டி இவற்றுக்கெல்லாம் முகம் கிடையாது. செட்டியாருக்கு முகம் இருந்தது. வேட்டி, திருநீறு, பெட்டியடி எல்லாம் இருந்தன.

இதையே கோல்ட் கோஸ்ட்டில், இன்றைய கானாவில், வைத்துப் பாருங்கள். அங்கே பயிர் கோகோ. நிலம் ஆப்பிரிக்க விவசாயியின் கையில்தான் இருந்தது. ஆனாலும் 1937-இல் ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து கொள்முதல் விலையைக் கட்டிப்போட, விவசாயிகள் மாதக்கணக்கில் கோகோவை விற்க மறுத்தார்கள். கடைத்தெருவில் அவர்கள் தினம் பார்த்த முகம் லெபனான், சிரியாவிலிருந்து வந்த வணிகர்களுடையது. உகாண்டாவில் பயிர் பருத்தி. அரவை ஆலைகள் பெரும்பாலும் இந்தியர் கையில். கென்யாவின் செழிப்பான மேட்டு நிலத்தை வெள்ளையருக்கென ஒதுக்கிய அரசு, அங்கே இந்தியர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. ஆகவே இந்தியன் கடைக்குள்ளேயே நின்றான். ஆளுபவன் மேலே, உழுபவன் கீழே, இடையில் பேரேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மூன்றாமவன். அந்த இடத்துக்கு அவனை வேண்டுமென்றே வைத்தார்கள் என்று சொல்வது பாதி சரி. அவனும் ஆதாயம் பார்த்துத்தான் போய் நின்றான்.

பொறி முதலில் பறந்தது வட்டிக்கடையில் அல்ல. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் அவர்கள் இடத்தில் பர்மியரை எடுத்தன. வேலைநிறுத்தம் முடிந்ததும் பர்மியரை வெளியே அனுப்பின. ஏழைக்கும் ஏழைக்கும் நடந்த கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியத் தொழிலாளர்கள். அப்போது ரங்கூனின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். 1931 ஜனவரியில் பர்மியர் சீனர்கள்மீது பாய்ந்தார்கள். லத்தா அன்றும் இன்றும் சீனர் பேட்டை. 1967-இல் மறுபடி ஒருமுறை அவர்கள் தாக்கப்பட்டார்கள்.

பிறகு போர். இங்கேதான் ஆப்பிரிக்கர்கள் நேராகவே பர்மாவுக்கு வந்து சேர்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் 81, 82-ஆம் டிவிஷன்களும் கிழக்கு ஆப்பிரிக்காவின் 11-ஆம் டிவிஷனுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் ஆப்பிரிக்க வீரர்கள் ஜப்பானியருக்கு எதிராகப் பர்மாப் போரில் ஈடுபட்டார்கள். அரக்கானின் கலாடன் பள்ளத்தாக்கில் சாலையே இல்லாத இடத்தில் சாமான்களைத் தலைச்சுமையாகவே கொண்டு போனார்கள். கிழக்கு ஆப்பிரிக்கர்கள் மழைக்காலத்தில் மலேரியா மண்டிய கபாவ் பள்ளத்தாக்கில் இறங்கி சிந்த்வின் ஆறு வரை போனார்கள். யாங்கோனுக்கு வடக்கே டவுக்கியான் போர்க்கல்லறையில், உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியப் பெயர்களும் ஆப்பிரிக்கப் பெயர்களும் அந்தத் தூண்களில் இருக்கின்றன. அடிமைப்பட்ட ஒரு நாட்டை மீட்டு, அதே எஜமானனிடம் திருப்பிக் கொடுக்க, அடிமைப்பட்ட இன்னும் பல நாட்டுக்காரர்கள் செத்தார்கள். இதற்கு நாகரிகமான வேறு வர்ணனை எனக்குத் தோன்றவில்லை.

பிழைத்துத் திரும்பியவர்கள் பார்த்ததை மறக்கவில்லை. வெள்ளைக்காரன் ஜப்பானியனிடம் தோற்று ஓடியதையும் பார்த்தார்கள், இந்தியாவில் விடுதலைக் கிளர்ச்சியையும் பார்த்தார்கள். பர்மா முனையிலிருந்து கென்யாவுக்குத் திரும்பிய வாருஹியு இட்டோட்டே, பின்னாளில் ‘ஜெனரல் சைனா’ என்ற பெயரில் ஆங்கிலேயருக்கு எதிரான மாவ் மாவ் காட்டுப் போரின் தலைவர்களில் ஒருவரானார். பர்மா 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 28 அன்று கோல்ட் கோஸ்ட்டின் அக்ராவில் முன்னாள் படைவீரர்கள் தங்களுக்குச் சொன்ன ஓய்வூதியத்தையும் வேலையையும் கேட்டு ஆளுநரின் கோட்டையை நோக்கி நடந்தார்கள். ஓர் ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி சுட்டார். சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஓடார்ட்டே லாம்ப்டே மூவரும் விழுந்தார்கள். ஊர் எரிந்தது. அந்தக் கோபத்தில் குவாமே நிக்ரூமா தலைவரானார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை அடைந்தது. சுட்டவர் ஆங்கிலேயர். கூட்டம் உடைத்தது ஐரோப்பியக் கம்பெனிகளின் கடைகளையும், கூடவே லெபனானியர் கடைகளையும்.

1964-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சான்சிபார் புரட்சி. சுல்தானோடு சேர்த்து அராபியரும் இந்தியரும் வேட்டையாடப்பட்டார்கள். மார்ச் 19 அன்று ரங்கூனில் ஜெனரல் நே வினின் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், பெர்லின் காலத்து எல்லைகளை அப்படியே மதிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். வெள்ளைக்காரன் போட்ட கோடு இருக்கலாம், அந்தக் கோட்டுக்குள் அவன் கூட்டிவந்த ஆள் இருக்கக்கூடாது! இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. நடந்தது அப்படித்தான் இருந்தது.

எட்டு ஆண்டு கழித்து, 1972 ஆகஸ்டில், உகாண்டாவின் இடி அமின் ஆசியருக்கு 90 நாள் கெடு வைத்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அமின் தாம் பர்மாவில் போரிட்டதாகப் பெருமை பேசுவார். அவர் படையில் சேர்ந்ததே 1946-இல், போர் முடிந்த பிறகு. பர்மாவுக்கு வராமலே பர்மாவின் பாடத்தை அவர் படித்துவிட்டார்.

காரணத்தை விளக்குவதால் நடந்தது நியாயமாகிவிடாது. 1964-இல் தண்டனை யாருக்குப் போயிற்று? பெரும் நிலம் வைத்திருந்த செட்டியார்களில் மிகப் பலர் 1942-லேயே ஜப்பானியர் குண்டுக்குத் தப்பி வெளியேறியிருந்தார்கள். அவர்கள் நிலத்தை 1948-இன் நில நாட்டுடைமைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1964-இல் சிக்கியவர்கள் மளிகைக் கடைக்காரர், டீக்கடைக்காரர், தையல்காரர், வண்டிக்காரர், ஒரு ரூபாய்கூட யாருக்கும் வட்டிக்குக் கொடுக்காதவர்கள். பர்மா ஆயில் கம்பெனி 1963-இல் ஈட்டுத்தொகை பேசி விலகியது. மளிகைக் கடைக்காரருக்குக் கிடைத்தது ஒரு ரசீது. கழுத்தில் கிடந்த தாலிச் சங்கிலியைக்கூடத் துறைமுகத்தில் கழற்றச் சொன்னார்கள் என்று அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மூன்று லட்சம் பேர் வரை வந்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார், பல ஊர்களில் பர்மா காலனி, சாயங்காலத் தள்ளுவண்டியில் அத்தோ. ரங்கூன் தெருவோரத்தின் அந்த நூடுல்ஸை இன்று பாரிமுனையில் நின்று சாப்பிடுபவர்களில் எத்தனை பேருக்கு அது அகதிகளின் சமையல் என்று தெரியும்?

விரட்டியவர்களுக்கும் லாபமில்லை. போருக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு, மக்கள் கடைகளின் முன் வரிசையில் நிற்கும் நாடாயிற்று. உகாண்டாவில் கடைகள் படைக்காரர்களுக்குப் பங்கு போடப்பட்டு, சரக்கு தீர்ந்ததும் மூடின. நடுவில் நின்றவனை எடுத்துவிட்டால் மேலும் கீழும் தானாகச் சேர்ந்துவிடும் என்ற எண்ணம் தவறு. அவன் செய்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைத் தளபதிகளின் கையில் கொடுத்தால் வட்டி இன்னும் ஏறும்.

பின்விளைவில் மிகவும் நீடித்தது சட்டம். 1982-இல் பர்மா ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இனத்தின் பெயரால் முழுக் குடிமகன் என்றால் உன் இனம் 1823-க்கு முன்பே இந்த மண்ணில் குடியேறியிருக்க வேண்டும். ஏன் 1823? 1824-இல் முதல் ஆங்கிலேய-பர்மியப் போர் தொடங்கியது; சென்னைப் படையின் சிப்பாய்கள் அந்தப் போரில்தான் ரங்கூனில் இறங்கினார்கள். ஆங்கிலேயன் வந்த நாள்தான் அளவுகோல். உகாண்டாவின் 1995 அரசியலமைப்பும் பூர்வகுடிகளைப் பட்டியலிடுகிறது. அதில் தேதி 1926 பிப்ரவரி 1. அதுவும் காலனி ஆட்சி எல்லை வரைந்த காலத்துத் தேதி. ஆனால் உகாண்டா ஓர் அடி விலகி நடந்தது: பறித்த சொத்தைத் திருப்பித் தர பர்மா சட்டம் போட்ட அதே 1982-இல் அது ஒரு சட்டம் போட்டது. முசேவேனி காலத்தில் பலர் திரும்பி வந்து தங்கள் கடையையும் ஆலையையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பூர்வகுடிப் பட்டியலில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அங்குள்ள இந்திய வம்சாவளியினர் கோரி வருகிறார்கள். சேர்க்கலாமா என்று ஒரு விவாதமாவது நடக்கிறது.

மியான்மரில் முழுக் குடிமகனின் அட்டை இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுடையது நீலம், குடியுரிமை பெற்றவருடையது பச்சை. லத்தாவைச் சுற்றியுள்ள தெருக்களில் நாலு தலைமுறையாக இருந்து, பர்மியப் பெயர் வைத்துக்கொண்டு, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் குடும்பங்களில் அட்டையின் நிறம் சகோதரர்களுக்குள்ளேயே வேறுபடுவதுண்டு. குடியேற்ற அலுவலகத்தில் அவர்கள் காட்ட வேண்டிய காகிதம், பாட்டனாரோ பூட்டனாரோ எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தார் என்பதற்கானது. கேப்டன் லேட்டர் ஆங்கிலேயப் படையோடு வந்தவர். அவர் பெயரிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை.